போன வருஷத்து ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுங்கள்

கொடுத்த பரிசை மறு வருடமே திருப்பிக் கேட்கிற மனுஷியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எனக்கு அப்படி ஒருவர் நாத்தனாராக வாய்த்தார். என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் நேரில் அக்கா என்பார், முதுகுக்குப் பின்னால் கம்பளிப்பூச்சி என்பார். அது அண்ணிக்கும் தெரியும். "பூச்சின்னு சொல்றவன் அந்த ஸ்வெட்டரைக் கழட்டி வெச்சிட்டுச் சொல்லட்டும்" என்பார். கழற்றினால் குளிரும், அதனால் என் வீட்டுக்காரர் அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

வருடக் கடைசி விடுமுறைக்கு நாங்கள் எல்லோரும் ஒரு வீட்டில் கூடுவோம். ஆளுக்கு ஆள் ஏதாவது பரிசு கொடுப்போம். பெரிய வசதிக்காரர்கள் யாரும் கிடையாது. சாக்ஸ், சோப்பு டப்பா, பிளாஸ்க் என்று கடையில் எது தள்ளுபடியில் கிடக்கிறதோ அதை வாங்கி, மினுக்குத் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டு, கடமை முடிந்தது என்று சாப்பிட உட்காருவோம். ஒரு பிளாஸ்க் பிரிக்கப்படாமலேயே குடும்பத்துக்குள் கை மாறிக் கை மாறி, கடைசியில் முதன்முதலில் வாங்கியவரிடமே வந்து சேர்ந்தது. அவரும் "அடடா, எனக்குத் தேவைப்பட்டதே இதுதான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். அண்ணி மட்டும் கடைச் சாமான் எதையும் யாருக்கும் கொடுத்ததில்லை.

அது ஆரம்பித்தது அவர் வீட்டுக்காரர் திடீரென்று போய்ச் சேர்ந்த வருடத்தில். மகன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். "நீ ஒண்ணும் கொண்டு வர வேணாம்க்கா, வந்து நின்னாலே போதும்" என்று என் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார்.

"கையை வீசிட்டு வந்து நிக்கிற ஆளா நான்?" என்று அண்ணி ஒரு முறை முறைத்தார், அவ்வளவுதான்.

வீட்டில் காசு இல்லை. இருந்தது, இறந்தவருடைய மூன்று ஸ்வெட்டர்கள். சாம்பல் நிறத்தில் ஒன்று, காப்பிக்கொட்டை நிறத்தில் ஒன்று, கருநீலத்தில் ஒன்று. மூன்றையும் பிரித்தார். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர், காலையில் ஸ்டியரிங்கைத் தொட்டால் விரல் விறைக்கும். அவருக்கு விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி கையுறை. எனக்குக் கழுத்தில் சுற்றிக்கொள்ள ஒரு பட்டை, உள்பக்கம் பழைய பருத்தித் துணி வைத்துத் தைத்தது. கம்பளி பட்டால் எனக்குக் கழுத்து அரிக்கும் என்று எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறேன். அதை அவர் காதில் வாங்கியிருக்கிறார், புருஷனைப் பறிகொடுத்த வருடத்தில் உட்கார்ந்து அதை ஞாபகம் வைத்துத் தைத்திருக்கிறார். அன்றைக்கு நான் வாங்கிக்கொண்டு அழுதுவிட்டேன், மறைப்பானேன்.

சரி, அதோடு விட்டாரா? மறு வருடமும் நூல் வாங்கக் காசில்லை. குளிர் தொடங்கியதும் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார். "போன வருஷம் குடுத்ததைக் கொண்டு வந்து குடுங்க. பிரிக்கணும்." நாங்கள் விளையாட்டு என்று நினைத்தோம். அவர் நிஜமாகவே வாசலில் வந்து நின்று வாங்கிக்கொண்டு போனார். விடுமுறைக்கு என் கழுத்துப்பட்டை என் வீட்டுக்காரருக்குக் குல்லாவாகவும், அவருடைய கையுறை யாருக்கோ காலுறையாகவும் வந்து இறங்கியது. அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரே நூல்தான் குடும்பம் முழுக்கச் சுற்றி வரும். என்ன, திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து விடுமுறை வரைக்கும் குடும்பமே தும்மிக்கொண்டிருக்கும். அந்தச் சமயத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் மிளகுக் கஷாயம் கொதிக்கிற வாசனைதான்.

அண்ணிக்கு வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத நீளமான அறை. ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு மெஷின்கள் உருளும். இன்னொரு பக்கம் சூடான உருளையில் படுக்கை விரிப்புகள் போய் மொறமொறவென்று வெளியே வரும். இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று அதைப் பிடித்து மடிக்க வேண்டும். நாள் முழுக்க மடிக்க வேண்டும். ஆவியில் வெந்து, இரைச்சலில் காது மந்தமாகி, வீட்டுக்கு வந்தால் அண்ணிக்குச் சாதாரணமாகப் பேசத் தெரியாது, கத்தத்தான் தெரியும். போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அடுத்த தெருவில் நிற்கிற ஆளிடம் பேசுவது மாதிரி பேசுவார். "மெதுவா பேசுங்க அண்ணி, ஊரே கேக்குது" என்றால், "கேக்கட்டுமே, நான் என்ன திருட்டுப் பேச்சா பேசறேன்?" என்பார்.

இந்த உழைப்பெல்லாம் ஒரே மகனுக்காக. சின்ன வயதில் ஈர்க்குச்சி மாதிரி இருப்பான், அதனால் எங்களுக்கெல்லாம் அவன் குச்சி. எவ்வளவு போட்டாலும் உடம்பில் ஒட்டாது. பயந்தாலோ யோசித்தாலோ சட்டைக் காலரை வாயில் வைத்துக் கடிப்பான். அண்ணி அவனுக்குப் பின்னுகிற ஸ்வெட்டரில் மட்டும் அவன் அப்பாவுடைய சாம்பல் நிற நூலைப் போடுவார். மற்ற நூலெல்லாம் யார் யாருக்கோ போய் வரும். சாம்பல் நூல் அவனிடமிருந்து வந்து அவனுக்கே போகும். அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

குச்சி வளர்ந்தான், வேறு ஊருக்கு வேலைக்குப் போனான். போன இடத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தான், கல்யாணத்தையும் முடித்துக்கொண்டு அதற்கப்புறம் போனில் சொன்னான். அண்ணி ஆடிப்போய்விட்டார். பெண் யார், எவர் என்பதெல்லாம் அப்புறம். தன்னிடம் கேட்காமல் முடித்தானே, அதுதான் தாங்கவில்லை. "முடிச்சிட்டுச் சொல்றவன், எனக்கும் உனக்கும் முடிஞ்சதா வெச்சுக்கோ. அவளைக் கூட்டிட்டு என் வாசப்படி மிதிக்காதே" என்று கத்தினார். இவனுக்கும் அதே ரத்தம்தானே ஓடுகிறது. "சரி, மிதிக்கலை" என்று வைத்துவிட்டான். நடுவில் தூது போன நான் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நான் போன் செய்தால், "அம்மா பேசச் சொன்னாங்களா?" என்று கேட்பான். இல்லை என்றால் மேலே ஒரு வார்த்தை கிடையாது. கொஞ்ச நாளில் நானும் எக்கேடு கெட்டுப் போங்கள் என்று விட்டுவிட்டேன்.

அந்த வருடம் குளிர் தொடங்கியபோது அண்ணி எல்லா வீட்டுக்கும் போன் போட்டார், குச்சிக்குப் போடவில்லை. ஆனால் ஒரு பார்சல் வந்தது. உள்ளே சாம்பல் நிற ஸ்வெட்டர். ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. அண்ணி அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம், "அனுப்பிட்டான் பார்த்தியா" என்றார். பிரித்து, பின்னி, அவரும் ஒரு வார்த்தை எழுதாமல் பார்சல் அனுப்பினார். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் பேச்சு இல்லை, போக்குவரத்து இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை இந்த ஸ்வெட்டர் மட்டும் போய் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நூல் சுற்ற நான் அவர் வீட்டுக்குப் போவேன். ஒரு அறையும் சமையல்கட்டும்தான் வீடு. ஸ்வெட்டரின் தையலை முதலில் அவிழ்த்து, கழுத்துப் பக்கத்தில் பின்னல் முடிகிற கடைசிச் சுருக்கான கண்ணியைக் கழற்றி இழுத்தால் சரசரவென்று வரிசை வரிசையாகப் பிரிந்து வரும். பிரிந்த நூல் சுருள் சுருளாகக் கிடக்கும். அதை நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுத்து, கனத்துக்குக் கீழே ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைப்பார். காய்ந்தால் சுருள் நீங்கி நேராகிவிடும். பிறகு என் இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி அதில் மாட்டி, உருண்டையாகச் சுற்றுவார். எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும். மூக்கு அரித்தால் சொறிய முடியாது. "கொஞ்சம் இருங்க அண்ணி" என்றால், "மூக்குக்கு என்ன அவசரம்" என்பார்.

குச்சியின் ஸ்வெட்டரை மட்டும் உடனே பிரிக்க மாட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் போட்டுத் துப்பறிவார். நாள் முழுக்க ஆஸ்பத்திரித் துணி பார்க்கிற கண். எந்தக் கறை எது, எந்தத் துணி எப்படி நைந்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறவர்.

முதல் வருடம், "கையை ரெண்டு மடிப்பு மடிச்சு விட்டிருக்கான், பாரு, தடம் அப்படியே இருக்கு. தோளும் கீழ இறங்கியிருக்கு. இளைச்சுட்டான்" என்றார்.

"அவன் எப்பவும் குச்சிதானே அண்ணி."

"அதுக்கு மேல இளைச்சுட்டான்கிறேன். அவ என்னத்தை வடிச்சுக் கொட்றாளோ." ஸ்வெட்டரில் ஒட்டியிருந்த நீளமான தலைமுடிகளை இரண்டு விரலால் பல்லி வாலைப் பிடிப்பதுபோலப் பிடித்து எடுத்துக் குப்பையில் போட்டார். "எவ்வளவு முடி பாரு. எந்நேரமும் அவன் மேலயே விழுந்து கிடப்பா போல."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அந்த வருடம் தோளிலும் கையிலும் கண்ணிகளைக் குறைத்துச் சின்னதாகப் பின்னி அனுப்பினார்.

அடுத்த வருடம் வந்தபோது கையில் ஒரு மடிப்புத் தடம்தான் இருந்தது. ஆனால் ஸ்வெட்டர் முழுக்க எண்ணெய் காய்ந்த வாடை. அண்ணி முகர்ந்து பார்த்துவிட்டு, "இவன்தான் அடுப்படியில கிடக்கறான். அவ மகாராணி, காலை ஆட்டிட்டு உக்காந்திருப்பா" என்றார். இன்னும் கொஞ்சம் அளவைக் குறைத்தார்.

அதற்கடுத்த வருடம் மடிப்பே இல்லை. அளவு சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அண்ணிக்குத் திருப்தி. ஆனால் இடது கை முனை கடித்துக் கடித்து நார் நாராகியிருந்தது. அண்ணி அதைத் தடவிக்கொண்டே இருந்தார். "காலர் கடிச்ச பிள்ளை இப்ப கையைக் கடிக்கிறான். என்னமோ பயத்துல இருக்கான். யார்கிட்டயும் சொல்ல முடியாம கடிச்சிட்டிருக்கான்." அவர் கண் நிறைந்துவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. "ஒரு போன் பண்ணிக் கேளுங்களேன் அண்ணி" என்றேன்.

"நானா? அவன் கேக்கட்டும்."

இந்த வீம்பை எந்த உருளையில் போட்டு மடிப்பது? எனக்கு அலுத்துப்போய்விட்டது. அவர் கை முனையை மட்டும் இரட்டை நூலில், கடித்தாலும் சீக்கிரம் நையாதபடி பின்னி அனுப்பினார்.

இந்த வருடம் அண்ணியால் முடியவில்லை. விரல் முட்டிகள் வீங்கி, கட்டைவிரல் பக்கம் மரத்துப்போகத் தொடங்கியது. சலவைக்கூடத்தில் விரிப்பைப் பிடிக்கும்போதே நழுவி விழுகிறதாம். டாக்டர் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். "ஓய்வு குடுத்தா கை சாப்பிடுமா?" என்று டாக்டரிடமே கேட்டுவிட்டு வந்தார். வேலை முடிந்து வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்து கிடப்பார். கூப்பிட்டால் "ம்" என்பார், அவ்வளவுதான். நூலும் அவரைப் போலத் தேய்ந்துபோயிருந்தது. இத்தனை வருடம் பிரித்துப் பின்னியதில் காப்பிக்கொட்டை நிறமும் கருநீலமும் போன வருடமே தொட்ட இடத்தில் அறுந்தன.

"இந்த வருஷம் யாரும் எதையும் திருப்பித் தர வேணாம்" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். "என் கையில இருக்கிற தெம்புக்கு ஒரே ஒரு ஸ்வெட்டர்தான் வரும். அது குச்சிக்கு."

"ஒரு வருஷம் இல்லைன்னா என்ன அண்ணி? கை முதல்ல சரியாகட்டும்" என்றேன்.

"ஒரு வருஷம் விட்டா விட்டதுதான். எனக்கும் அவனுக்கும் நடுவுல வேற என்ன இருக்கு? இந்த ஒரு நூல் இருக்கு. அதுவும் போகலைன்னா, செத்துட்டாளோன்னு நினைச்சுக்குவான், இல்லைன்னா தொலைஞ்சான்னு விட்டுட்டாங்கன்னு நினைச்சுக்குவான்." சொல்லிவிட்டுக் கையை நீவிக்கொண்டார்.

பார்சல் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தது. வருகிற வரைக்கும் அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், நான் அங்கே இருக்கும்போதே. கத்தரிக்கோலைப் பிடிக்க அவருக்கு விரல் வளையவில்லை, நான்தான் பிரித்தேன். உள்ளே இருந்ததை வெளியே எடுத்தேன்.

சாம்பல் நிற ஸ்வெட்டர்தான். ஆனால் அஞ்சு வயதுக் குழந்தைக்குப் போடுகிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. கெட்டியாக, தடிப்பாக, கால்மிதி மாதிரி இருந்தது. கண்ணி என்று ஒன்று கண்ணுக்கே தெரியவில்லை.

அண்ணி வாங்கி ஒரு தடவு தடவினார். அந்தக் கைக்குத் தெரியாதா?

"கொதிக்கிற தண்ணியில போட்டு மெஷின்ல ஓட்டியிருக்கு" என்றார். "கம்பளி அடைஞ்சு போச்சு. நூலும் நூலும் ஒட்டிக்கிச்சு. இனி பிரம்மனே வந்தாலும் பிரிக்க முடியாது."

அதற்குப் பிறகும் கழுத்துப் பக்கத்தில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒரு இழை கூட வரவில்லை. ஊசி நுனியால் நெம்பினார். ஊசி நழுவித் தரையில் விழுந்து உருண்டது. எடுக்கக் குனியவில்லை. "அவங்கப்பா நூல்டி" என்றார், என்னைப் பார்த்துச் சொன்னாரா, வேறு யாரிடம் சொன்னாரோ தெரியவில்லை. "அவங்கப்பா போட்டிருந்த நூல்."

கொஞ்ச நேரத்தில் முகம் மாறியது. "இது அவ வேலை. வேணும்னே பண்ணியிருக்கா. இனிமே பின்னி அனுப்பாதேன்னு சொல்லாம சொல்றா."

"அவசரப்படாதீங்க அண்ணி..."

"சலவைக்காரி பிள்ளைக்குக் கம்பளியை எப்படி அலசணும்னு தெரியாதா? அவன் இருக்கிற வீட்டுல இது எப்படி நடக்கும்? அவ பண்ணினா." கையை நீட்டினார். "போனைக் குடு."

"யாருக்கு?"

"பார்சல் மேல நம்பர் இருக்கில்ல? அதுக்குப் போடு. ரெண்டு வார்த்தை கேக்காம விட்டா நான் மனுஷி இல்லை."

எத்தனை வருடமாக ஒரு போன் பேசச் சொல்லி நான் கரடியாய்க் கத்தியிருக்கிறேன். பாசத்துக்கு எடுக்காத போனைக் கோபத்துக்கு எடுத்தார். நான் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்து மேஜை மேல் வைத்தேன். இன்றோடு எல்லாம் ஒழிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒரு பெண் குரல் எடுத்தது. "ஹலோ, யாரு?"

"அவன் அம்மா பேசறேன்."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே வைக்கிற ஒலி மட்டும் கேட்டது.

"காதுல விழுந்துச்சா? கம்பளியைக் கொண்டு போய்க் கொதிக்கிற தண்ணியில போட்டிருக்கியே, கூறு இருக்கா உனக்கு? அது என்ன தரை துடைக்கிற துணியா? எத்தனை வருஷத்து நூல் தெரியுமா அது? யாருது தெரியுமா? பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே, இப்படியா..." அண்ணிக்கு இருமல் வந்துவிட்டது.

"அத்தை, நான் இல்லை அத்தை." என்றது அந்தப் பெண். "அவர்தான் துவைச்சார்."

"யாரு?"

"அவர்தான். நான் வேலைக்குப் போயிருந்தேன். எப்பவும் நான்தான் பார்சல் கட்டி அனுப்புவேன், அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். இந்த வருஷம் அவரே எடுத்து, 'அம்மாவுக்கு அழுக்கா போகுது, நான் துவைச்சு வைக்கிறேன்'னு சொல்லி, நல்லா சுத்தமாகட்டும்னு அதிக சூட்டுல வெச்சிட்டார். நான் வந்து பார்த்தா இப்படி ஆயிருக்கு. அவர் அன்னைக்குச் சாப்பிடவே இல்லை அத்தை. அனுப்பறதா வேணாமான்னு ரெண்டு பேரும் யோசிச்சு யோசிச்சுத்தான் இவ்வளவு லேட்டாச்சு."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "நீயா அனுப்பினே? எல்லா வருஷமும்?" என்று கேட்டார். கத்தவில்லை.

"ஆமா அத்தை. திருப்பி அனுப்பினாத்தான் அடுத்தது வரும்னு அவர் ஒரு தடவை சொல்லியிருந்தார்."

"அவன் எப்படி இருக்கான்? ரொம்ப இளைச்சுட்டானா?"

"இளைக்கிறதா?" அந்தப் பெண் சட்டென்று சிரித்துவிட்டு, அடக்கிக்கொண்டது. "இவருக்குப் பேக்கரியில வேலை அத்தை. மிச்சம் மீதியெல்லாம் இவர் வயித்துக்குள்ளதான். குச்சின்னு கூப்பிடுவீங்களாமே, இப்ப வந்து பாருங்க, உத்திரம் மாதிரி இருக்கார்."

"அப்போ நான் அனுப்பின ஸ்வெட்டரு?"

"அவருக்கு முதல்ல இருந்தே பத்தலை. முதல் வருஷமே கழுத்துலயே மாட்டிக்கிச்சு. நான்தான் போட்டுக்கிறேன் அத்தை. உங்ககிட்ட கேக்காம போட்டது தப்புதான். இங்க குளிர் தாங்காது, காலையில நேரத்தோட பஸ் பிடிக்கணும்."

"எங்கே வேலை உனக்கு?"

"கேன்டீன்ல. எண்ணெய்ச் சட்டி பக்கம்."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். அவர் என்ன யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் போட்டுப் பார்த்ததெல்லாம் யாரை? இளைத்துவிட்டான் என்று புலம்பியது யாருக்கு? முடி ஏன் அவ்வளவு இருந்தது? எதிரி எதிரி என்று கரித்துக் கொட்டிக்கொண்டே, வருடா வருடம் அந்தப் பெண்ணுக்காகத்தான் இந்த மனுஷி கண் கலங்கியிருக்கிறார்.

"கை முனையைக் கடிக்கிறது?" என்று கேட்டார் அண்ணி.

"நான்தான்." வெட்கமும் பயமும் கலந்த குரல். "பஸ்ல நிக்கும்போது ஏதாவது யோசனை வந்தா வாய்க்குப் போயிடும். இனிமே கடிக்க மாட்டேன் அத்தை."

"என்ன யோசனை அப்படி?"

பதில் மெதுவாக வந்தது. "இவர் இங்க யார்கிட்டயும் பேச மாட்டார். விடுமுறை வந்தா ஜன்னல் பக்கம் போய் உக்காந்துக்குவார். என்னாலதானே இப்படின்னு இருக்கும். வேற ஒண்ணும் இல்லை." பிறகு அவசரமாகச் சொன்னது: "ஆனா உங்க மேல எனக்கு ஒண்ணும் கிடையாது அத்தை. முதல்ல இவர்கிட்ட இருந்தது எனக்குத் தொளதொளன்னு இருந்துச்சு. அடுத்தது கொஞ்சம் சின்னதா வந்துச்சு. அதுக்கடுத்தது அளவெடுத்துப் பின்னின மாதிரி அப்படியே உக்காந்துச்சு. கை முனையில கூட ரெட்டை நூல் போட்டிருந்தீங்க. நான் அன்னைக்கே இவர்கிட்ட சொன்னேன், அத்தைக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு, வாயால சொல்லாம எனக்குத்தான் பின்னி அனுப்பறாங்கன்னு. இவர் நம்பலை. சரிதானே அத்தை? எனக்குத்தானே பின்னினீங்க?"

அண்ணியைப் பற்றி எனக்குத் தெரியும். மனதில் ஒன்றை வைத்து வெளியே ஒன்றைப் பேசத் தெரியாத ஜென்மம். செத்த வீட்டில்கூட உள்ளதை உள்ளபடி சொல்லி வைக்கும். என் முதல் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, "மாடு இருந்தா இதைப் போட்டிருக்கலாம்" என்று சபையில் சொன்ன வாய். இப்போது அந்த வாய்தான் திறக்கப்போகிறது.

அண்ணி மேஜை மேல் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா" என்றார். "உனக்குத்தான்."

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. அண்ணி அதை முடிகிற வரைக்கும் விட்டுவிட்டார். அப்புறம், சலவைக்கூடத்திலிருந்து வந்து நாற்காலியில் விழுகிறபோது இருக்குமே, அந்த ஓய்ந்த குரலில் சொன்னார். "இந்த வருஷம் நூலும் இல்லை, எனக்குக் கையும் வரலை. குடுக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லை. ரெண்டு பேருமா வந்து இருந்துட்டுப் போங்க."

"அவர் வருவாரான்னு தெரியலை அத்தை."

"அவன் வரலைன்னா நீ மட்டும் வா."

போனை நான்தான் அணைத்தேன். அண்ணிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தார். பாதித் தண்ணீர் புடவையில் சிந்தியது. துடைக்கவும் தோன்றாமல் இருந்தார்.

"இத்தனை நாளா நான் நல்ல மாமியார்னு நம்பிட்டு இருந்திருக்கா, பாவி" என்றார்.